ஒரு மாதம் பிந்திய பாஸ்கா

கடல் தாண்டிய தீவில், மின்னி பே பகுதியில் டேவிட் வீடு எது என்று கேட்டால் யாரும் கை நீட்டிக் காட்டுவார்கள். உள்ளே வரத்தான் ஆள் கிடைக்காது. வந்தால் டீ உண்டு, கூடவே யோவான் நற்செய்தியும் உண்டு. இயேசு சிலுவையில் இறந்தது எந்தத் தேதி என்று அவர் பேச ஆரம்பித்தால் டீ ஆறி ஆடை கட்டிவிடும்.

தூத்துக்குடியிலிருந்து மீன்பிடிக்க வந்தவர் டேவிட். சொந்தமாகச் சின்னப் படகு ஒன்று உண்டு. மனைவி லூசி இருந்தவரை ஞாயிறு பூசைக்கு மேல் அவருக்கு வேதம் தெரியாது. லூசி காய்ச்சலில் போனாள். மகள் சுபிதாவும் கல்யாணமாகித் தூத்துக்குடிக்கே போய்விட்டாள். சாயங்காலங்களை என்ன செய்வதென்று அவருக்கு விளங்கவில்லை. கடலடியில் கேபிள் போட்டு நெட் வேகம் எடுத்திருந்த நேரம், போனில் ஒரு பிரசங்கியார் வந்து மாட்டினார்.

மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் கடைசி இராவுணவை யூதர்கள் ஆடடித்து உண்ணும் பாஸ்கா விருந்து என்கிறார்கள், யோவான் கணக்கில் பாஸ்கா மறுநாள்தான் என்றார் பிரசங்கியார். ஒரு நாள் இடிக்கிறது. எப்படிப் பார்த்தாலும் பௌர்ணமியை ஒட்டித்தான் என்று அவர் சொன்னதும் டேவிட் நிமிர்ந்து உட்கார்ந்தார். நிலா வெளிச்சத்தில் மீன் வலையைப் பார்த்துவிடும். பௌர்ணமியைப் பற்றிக் கடலுக்குப் போகிறவனுக்கு யார் பாடம் எடுப்பது?

அந்த வருஷம் கோயிலில் ஈஸ்டர் மார்ச் கடைசியிலேயே வந்துவிட்டது. யூதர்கள் தங்கள் காலண்டரில் ஒரு மாதத்தைக் கூட்டிக்கொண்டதால் அவர்களுடைய பாஸ்கா ஏப்ரல் பௌர்ணமிக்குத் தள்ளிப்போனது. பாஸ்கா வராமல் ஆண்டவர் எப்படி உயிர்ப்பார்? டேவிட் கறி தொடாத தன் தவக்காலத்தை இன்னும் ஒரு மாதம் நீட்டினார்.

"திருச்சபைக்கு வேற கணக்கு இருக்கு டேவிட்டு. எல்லாரும் ஒண்ணாக் கொண்டாடத்தானே விழா" என்று பங்குச் சாமியார் சொல்லிப் பார்த்தார். பிடித்த முயலுக்கு மூன்றே கால். ஊரோடு ஒத்து வாழ் என்பார்கள். டேவிட் நிலாவோடு ஒத்து வாழப் பார்த்தார்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அது சுபிதாவுக்குத் தலை ஈஸ்டர். கல்யாணமாகி வரும் முதல் ஈஸ்டரைப் பொண்ணும் மாப்பிள்ளையும் பொண்ணு வீட்டில்தான் கொண்டாட வேண்டும். இருவரும் சென்னை போய் விமானம் ஏறி வந்தார்கள். லூசியின் கைப்பக்குவத்தை நினைவில் வைத்துச் சுபிதாவே கோழிக் குழம்பு வைத்தாள். மாப்பிள்ளை மாமனாருக்கு வேட்டி சட்டை எடுத்து வந்திருந்தார்.

டேவிட் கஞ்சியை எடுத்துக்கொண்டு தனியாகப் போய் உட்கார்ந்தார்.

"என்னப்பா இது? இன்னைக்கு ஈஸ்டருப்பா. அவுக என்ன நினைப்பாக?"

"எனக்கு இன்னும் வரல பாப்பா. நீங்க சாப்பிடுங்க."

புதுச் சட்டையையும் அவர் போடவில்லை. தவக்காலத்தில் புதுத்துணியா? மாப்பிள்ளை நல்ல பிள்ளை, தலையைக் குனிந்து சாப்பிட்டு எழுந்தார். சுபிதா பாதிச் சோற்றிலேயே கை கழுவினாள். இன்னும் நான்கு நாள் இருப்பதாக வந்தவர்கள் மறுநாளே டிக்கெட்டை மாற்றிக் கிளம்பிவிட்டார்கள். இதுவும் சத்தியத்துக்காகப் பட்ட கஷ்டம் என்று டேவிட் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். மனுஷன் தன்னையே ஏமாற்றிக்கொள்ள எத்தனை வேதவாக்கியம் வேண்டுமானாலும் கிடைக்கும்.

ஏப்ரல் பௌர்ணமி வந்தது. ஒரு மாதமாகக் காத்திருந்த நாள். ஆட்டுக்கறி வாங்கி, இஞ்சி பூண்டு அரைத்து, சட்டி நிறைய ஆக்கினார். விருந்துக்கு முன் வாசிக்கலாம் என்று, வேதத்தில் பாஸ்கா விதி சொல்லும் விடுதலைப் பயணத்தைத் திறந்தார். ஓர் ஆட்டுக்கு வீட்டில் ஆள் போதாவிட்டால் அண்டை வீட்டாரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. எத்தனை தரம் படித்த பக்கம்! தேதியைத் தேடிய கண்ணுக்கு அந்த வரி தட்டுப்படவே இல்லை.

கறியைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். அரசாங்க ஆபீசில் வேலை பார்க்கும் உமா மகேஸ்வரி, நெற்றி நிறைய விபூதியோடு வந்து நின்றாள்.

"அரே அண்ணே, மட்டனா! இன்னைக்குச் சித்ரா பௌர்ணமில்ல? நான் உப்புக்கூடச் சேக்க மாட்டேன். மாஃப் கரோ, தப்பா எடுத்துக்காதீங்க."

அதே நிலாதான். அவளுக்கு அது விரதமாக வந்திருந்தது.

வீட்டுக்கு வந்து மகளுக்குப் போன் போட்டார்.

"பாப்பா, இன்னைக்குத்தான் பாஸ்கா. கறி ஆக்கிருக்கேன்."

"சாப்பிட்டீகளாப்பா?"

"ஒத்தையில எப்படிம்மா சாப்பிட?" உடனே அவசரமாகச் சொன்னார்: "அடுத்த வருசம் கோயில் ஈஸ்டரும் யூதர் பாஸ்காவும் கிட்டக்கிட்ட வருது. பாத்து வச்சுட்டேன். ஒரு சண்டையும் இல்ல. மாப்பிள்ளையக் கூட்டிட்டு வா, என்ன?"

சுபிதாவின் குரலில் கோபமே இல்லை, அதுதான் அவரை அறுத்தது.

"அடுத்த வருசம் இவுக வீட்லதானப்பா ஈஸ்டர். தலை ஈஸ்டரு ஒரு தடவதான வரும்."

போன் அணைந்தது. நற்செய்தியாளர் நான்கு பேரின் கணக்கிலும் ஒரே ஒரு நாள்தான் இடித்தது. டேவிட் ஒரு மாதம் பிந்திவிட்டார், அதைச் சரிக்கட்டச் சொல்லித்தர எந்தப் பிரசங்கியாரும் இல்லை.

திறந்து கிடந்த வேதத்தில், விடியும்வரை கறியில் எதையும் மீதி வைக்கக் கூடாது என்று இருந்தது. அவர் சட்டியை மடிக்கு இழுத்து, அழுதபடியே தின்னத் தொடங்கினார்.