ஒரு பலகை குறைந்த மேடை

முத்துக்கருப்பன் என்ற பெயரை நான் முதலில் கேட்டது எங்கள் அக்கா ராமக்காளுக்கு மாப்பிள்ளை பேச வந்த அன்றைக்கு. முற்றத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தேன். பேச்சை எடுத்து வந்தவள் எங்கள் அய்யாவுக்குச் சின்னம்மா மகள் மலையம்மாள். செக்கானூரணிப் பக்கம் வாக்கப்பட்டவள். முத்துக்கருப்பன் அவள் வீட்டுக்காரருக்குப் பங்காளி.

"பையன் என்ன செய்றான்?" என்று அய்யா கேட்டார்.

"பிடில் வாசிக்கிறாரு அண்ணே."

"அது சரி. வேலை என்ன பாக்குறான்?"

"அதான் அண்ணே வேலை."

நிலம் இருக்கிறது, அண்ணன் தம்பிகள் உழுகிறார்கள் என்று கேட்ட பிறகுதான் அய்யா அவளைச் சாப்பிடச் சொன்னார்.

பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்துத் தோட்டத்தில் முத்துக்கருப்பனின் பெரியப்பா வேலை பார்த்தாராம். அவரைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அங்கிருந்த கிறிஸ்தவ வேதக்கோயிலில் வாசிக்கிற பிடிலைக் கேட்டு ஆசை வந்துவிட்டது. பிறகு மதுரையில் ஒரு வித்துவான் வீட்டில் தண்ணீர் இறைத்து, விறகு பிளந்து, பாட்டுக்குப் பக்கவாத்தியம் வாசிக்கப் பழகிக்கொண்டார். உப்புச் சத்தியாக்கிரகம் நடந்த வருஷம் கல்யாணம். அன்றிலிருந்து எனக்கு அவர் மச்சான்.

நல்ல கை. பாடுகிறவர் மூச்சு வாங்குகிற இடத்தில் மச்சானின் வில் அந்தச் சுரத்தைக் கீழே விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். அவர் மறுபடி வாயைத் திறந்ததும் ஒதுங்கிவிடும். அதற்காகவே பெரிய பாகவதர் ஒருவர் போகிற ஊருக்கெல்லாம் அவரைக் கூட்டிக்கொண்டு போனார்.

யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம் டி. கல்லுப்பட்டியில் கச்சேரி முடிந்து மாட்டு வண்டியில் திரும்பினார். ஓடை இறக்கத்தில் வண்டி சாய்ந்தது. மற்றவர்கள் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்கள். மச்சான் இரண்டு கையாலும் பிடில் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டார். பெட்டிக்குக் கீறல்கூட இல்லை. சக்கரம் அவர் இடது முழங்காலில் ஏறிவிட்டது.

வைத்தியர் கட்டுப் போட்டார். கட்டைப் பிரித்தபோது முழங்கால் பாதி மடங்கினபடியே இறுகிப்போயிருந்தது, நாற்காலியில் உட்கார்ந்தவன் காலைப் போல. மடக்கவும் வராது, நீட்டவும் வராது. பார்க்க வந்த சொந்தமெல்லாம் ஒன்றையே சொன்னது.

"கை தப்பிச்சிருச்சுல்ல. பிடிலுக்குக் கால் எதுக்கு?"

காலுக்கு என்ன வேலை என்பது அக்காவுக்கு மட்டும் தெரியும். நம் வித்துவான்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வலது காலை முன்னால் வைத்து, கணுக்கால் மேல் பிடிலின் தலையைச் சாய்த்து, அடிப்பக்கத்தை நெஞ்சில் கொடுத்துக்கொள்வார்கள். காலும் நெஞ்சும் பிடிலைத் தாங்கிக்கொள்வதால்தான் இடது கை தடையில்லாமல் தந்தியில் மேலும் கீழும் வழுக்கும். மச்சானின் வலது கணுக்காலில் கறுப்பாக ஒரு காய்ப்பே இருந்தது. இப்போது தரையில் உட்கார்ந்தால் இடது முழங்கால் குறுக்கே நட்டுக்கொண்டு நின்றது. பிடிலை வைக்க இடமில்லை.

அந்த வருஷத் திருவிழாவில், கோயில் கல் மண்டபத்துக் கச்சேரிக்கு ஒரு முக்காலியோடு போனார். பாகவதர் அதைப் பார்த்தார்.

"முத்துக்கருப்பா, நான் தரையில, நீ முக்காலியில. நான் உனக்குப் பக்கவாத்தியமா?"

கோபமாகச் சொல்லவில்லை. சொன்னது நியாயம் என்று மச்சானே பிற்பாடு எங்களிடம் சொன்னார். முக்காலியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டார்.

ஒரு நாடகக் கம்பெனியில் நாற்காலி கொடுத்தார்கள். தாடைக்கடியில் பிடிலைச் செருகி வாசிக்க வேண்டும். கையை வழுக்கவிட்டால் பிடிலும் கூடவே வந்தது. "துண்டு துண்டா வருது, இழைய மாட்டேங்குது" என்று அதையும் விட்டுவிட்டார். பிடில் பெட்டி பரண் ஏறியது. அவர் பேச்சும் குறைந்துபோனது. இனி மேடை ஏறுவாரா, இல்லை அண்ணன் தம்பிகள் அளந்து போடுகிற தானியத்துக்குக் காத்திருப்பாரா என்பதுதான் அக்காவுக்கு ராப்பகலாக இருந்த கவலை.

தெற்குவாசல் பக்கம் நெசவாளர் தெருவில் வாடகை குறைந்த வீடு பார்த்துக் குடிபோனார்கள். முன்பு அங்கே தறி ஓடியிருக்கிறது. நெய்கிறவர் கால் தொங்கப்போடுகிற குழி, தறியைக் கழற்றிய பிறகும் அப்படியே இருந்தது. மேலே பலகை பரப்பி, உள்ளே அக்கா வெங்காயம் போட்டு வைத்திருந்தாள்.

சித்திரைத் திருவிழாவுக்கு நான் போயிருந்தேன். குழம்புக்கு வெங்காயம் எடுக்க அக்கா ஒரு பலகையைத் தூக்கி வைத்துவிட்டு முறம் எடுக்கப் போனாள். கால் வலியோடு நின்ற மச்சான் அந்த விளிம்பிலேயே உட்கார்ந்து இடது காலைக் குழிக்குள் விட்டார். வலது காலைப் பலகை மேல் முன்னால் வைத்தார். கணுக்காலில் இருந்த காய்ப்பைக் கையால் தடவிப் பார்த்தார்.

"ஏத்தா, அந்தப் பொட்டிய எடு."

"வெங்காயம் எடுக்கணும், தள்ளுங்க."

"வெங்காயம் கெடக்கட்டும். பொட்டிய எடு."

அன்று வெங்காயம் இல்லாத குழம்புதான்.

பிடில் சத்தம் கேட்டு வந்தார் சேக் இஸ்மாயில். கல்யாணங்களுக்குப் பந்தலும் மேடையும் போடுகிறவர். மச்சானுக்குப் பழைய சிநேகிதர்.

"என்ன மாப்ள, பாதி ஆளப் பொதச்சுட்டாங்க?"

"மாப்ள, மேடையில இப்பிடி ஒரு சந்து விட முடியுமா?"

"பலகை கட்டுறவன் நானு. ஒண்ண கட்டாம விடுறதுக்கு யார்ட்டக் கேக்கணும்?"

"பாகவதர்ட்ட" என்றார் மச்சான்.

அடுத்த வைகாசியில் எங்கள் சின்னையா மகள் பாண்டியம்மாளுக்குப் பழங்காநத்தத்தில் கல்யாணம். பாட்டு அதே பாகவதர். பிடிலுக்கு எங்கள் வீட்டு மாப்பிள்ளைதான் என்று சின்னையா பிடிவாதமாக நின்றார். "தரையில எனக்குச் சமமா உக்காந்தா வரட்டும்" என்று பாகவதர் சொல்லி அனுப்பினார்.

இஸ்மாயில் பீப்பாய்களின் மேல் பலகை அடுக்கி, ஒன்றை மட்டும் விட்டு, ஜமுக்காளத்தை அந்த விளிம்பு வரை விரித்தார். மச்சானை முன்கூட்டியே இறக்கி உட்காரவைத்து, சந்தின் மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டார்கள்.

அதில் ஒன்றை யாரும் யோசிக்கவில்லை. பாகவதர் வந்ததும் மிருதங்கக்காரர் எழுந்தார், பந்தலே எழுந்தது. மச்சான் எழவில்லை.

பாகவதர் முகம் மாறிவிட்டது. "எந்திரிக்க மனசு வரலையோ?"

"மனசு இருக்குங்க. காலு கீழ இருக்கு."

இஸ்மாயில் துண்டை விலக்கிக் காட்டினார். பாகவதர் குனிந்து பார்த்தார். அந்தச் சந்துக்குள் தொங்கிய காலை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தன் இடத்தில் உட்கார்ந்து, மச்சானின் தோளும் தன் தோளும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று ஒருதரம் பார்த்துக்கொண்டார்.

"சரி. சுருதி சேரு."

அன்றைக்குப் பாகவதர் தோடி ராகத்தை எடுத்து மேலே போய், அங்கிருந்து ஒரே மூச்சில் அடிவரைக்கும் இழைத்து இறங்கி நிறுத்தினார். வேண்டுமென்றே செய்ததாகத்தான் எனக்குப் பட்டது. மச்சான் கை ஒரே தந்தியில் அந்த இறக்கம் முழுக்க வழுக்கி வந்து நின்றது. பந்தலுக்கு வெளியே அடுப்பு வேலை பார்த்த அக்கா, கரண்டியை வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். புகை என்றாள்.

முடிந்து இறங்கும்போது பாகவதர் இஸ்மாயிலைக் கூப்பிட்டார்.

"வர்ற வெள்ளிக்கிழமை பசுமலையில கச்சேரி. அங்க மேடை யாரு போடுறது?"

"நான் இல்லீங்க."

"யாரா இருந்தாலும் போய்ச் சொல்லிரு. ஒரு பலகை கம்மியாப் போடணும்."

அதற்கப்புறம் மச்சான் சுதந்திரம் வந்து வெகுகாலம் வரைக்கும் வாசித்தார். பலகைப் பிடில் என்றே பெயர் விழுந்துவிட்டது. ஒரு கல்யாணத்தில் மேடைக்கடியில் புகுந்த ஆட்டுக்குட்டி அவர் வேட்டியைத் தின்றது. பாட்டு முடியும் வரைக்கும் வில்லை நிறுத்தவில்லை. கோயில் கல் மண்டபங்களில் மட்டும் அவர் மறுபடி வாசிக்கவே இல்லை. கல்லில் ஒன்றைக் கழற்றிவிட முடியுமா?

அக்கா போய்ச் சேர்ந்துவிட்டாள். மச்சான் இப்போது பழங்காநத்தத்தில் மூத்த மகள் முருகம்மாள் வீட்டில், மாடிப்படி ஏற வராததால் கீழறையில் இருக்கிறார்.