தாவீதின் வயிற்றுத் தழும்பு

சபையாருக்குத் தோத்திரம். எனக்கு எழுபது வயது. ஒன்பது பெற்றேன், ஆறு பேரை வளர்த்து ஆளாக்கினேன். வேதம் வாசிக்கிற மட்டுக்கும்தான் எழுத்துத் தெரியும். ஆனாலும் இதை இன்னொருத்தர் எழுத விட மனசில்லை.

யுத்தம் தொடங்கின பிறகு வந்த தை. அறுப்பு முடிந்த கையோடு என் கடைசி மகன் தாவீதுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. முதலில் சளி, பிறகு ரத்தம். நெல் மூட்டை தூக்கினவன், பங்குனியில் எழுந்து உட்கார ஆள் வேண்டும் என்றாகிவிட்டது. கஞ்சி கொடுத்தால் அதுவும் ரத்தத்தோடு வந்துவிடும். அவன் பெண்டாட்டி மாசமாயிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயம்.

என் நாத்தனார் பேச்சி பழைய சாமியையே கும்பிடுகிறவள். வந்து பார்த்தாள்.

"ஒங்க சாமி சீமையிலேருந்து கப்பலேறி வந்த சாமி. நம்மூரு வயித்துக் கடுப்பு அதுக்கு எங்கிட்டுத் தெரியும், மதினி?"

"கூப்பிட்டிருக்கேன், வரும்" என்றேன்.

"வர்றதுக்குள்ள இவன் போயிருவான்."

சூடு போடுகிற அடைக்கனுக்கு ஆள் விட்டாள். மஞ்சள் கொம்பைக் கொளுத்தி வயிற்றில் வைக்கிறவர். எங்கள் பக்கம் பிள்ளைகளுக்கு மாந்தம் என்றால் அவர்தான். வீட்டில் எல்லாரும் சரி என்றார்கள். நான் அடுப்பங்கரையில் முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, இந்த உடம்பு சூடு தாங்காது. பேச்சி முன்னால் என்னைத் தலைகுனிய விடாதேயும். இவனை எனக்குத் தாரும்." வேறு ஜெபம் வரவில்லை.

அடைக்கன் வந்து மஞ்சளைக் கொளுத்திக்கொண்டு தாவீதின் வேட்டியை விலக்கினார். தொப்புளைச் சுற்றி நாலு தழும்பு. தடவிப் பார்த்தார்.

"இது என் கை போட்டதுல்ல?"

"ஆமாண்ணே" என்றேன்.

தாவீது பிறந்த வருஷம் மழையில்லை. எனக்குப் பால் வற்றிவிட்டது. ஊருணித் தண்ணீரில் கேப்பைக் கூழைக் கரைத்து ஊற்றி வளர்த்தேன். ஓயாத வயிற்றுப்போக்கு. அதற்குத்தான் அந்தச் சூடு.

கிழவர் மஞ்சளைத் தண்ணீரில் முக்கிவிட்டார். "அன்னிக்கே அடங்குச்சுன்னு நெனச்சேன் தாயி. அடங்கல, உள்ளயே இருந்திருக்கு. இன்னொண்ணு போட்டா செத்துருவான். ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க."

பேச்சிதான் வண்டி கட்டச் சொல்லி ஓடினாள்.

கீரனூர் வரைக்கும் வண்டி, அங்கிருந்து திருச்சிக்கு ரயில். வழியெல்லாம் என் சேலையைக் கிழித்துத் துணி மாற்றினேன். டாக்டரம்மா எல்லாம் விசாரித்துவிட்டுச் சொன்னார்: "இந்தக் குடல் நேத்துக் கெட்டதில்லம்மா. கைப்பிள்ளையில பாலில்லாம, கெட்ட தண்ணியில நொந்துபோனது. அதுதான் இப்பப் புண்ணா வந்திருக்குன்னு நெனைக்கிறேன். நிச்சயமாச் சொல்ல முடியாது."

எனக்குச் சுருக்கென்றது. "அந்தக் கூழும் ஊத்தலேன்னா இன்னிக்கு உங்க முன்னால படுத்திருக்க மாட்டாம்மா."

"அதுவும் நெசந்தான்" என்றார் அந்த அம்மா.

ஆடியில்தான் வீடு திரும்பினோம். நோய் முழுக்கப் போகவில்லை. ஏர் பிடிக்க முடியாது. சில மாதம் ரத்தம் திரும்ப வரும், படுத்துவிடுவான். நான் கேட்டது அவன் உயிரை. உயிரைக் கொடுத்தார்.

அதன் பிறகு, டாக்டரம்மா சொல்லி அனுப்பினபடி, எங்கள் வீட்டில் பிறந்த பிள்ளை ஒன்றுக்கும் தாயின் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்ட நான் விடவில்லை. காய்ச்சாத தண்ணீர் கொடுக்க விடவில்லை. உங்கள் வீட்டிலும் யாராவது அப்படிக் கிடந்தால் ஆண்டவரிடம் கேளுங்கள். பதிலை யார் வாயில் வைத்து அனுப்புவார் என்று நமக்குத் தெரியாது. எனக்கு அடைக்கன் வாயில் வைத்தார்.

ரூத்து, அன்றைக்கு உங்கம்மா வயிற்றில் இருந்தவளே, பிழையைப் பார்த்துச் சிரிக்காதே. முதலிலிருந்து வாசி. சத்தமாய் வாசி தாயி, உள்ளே படுத்திருக்கிற உங்கப்பனுக்குக் கேட்கட்டும்.