பெரிய பக்கங்களும் ஒரு பொய்ப் பழியும்

சேர்வர் பார்க்கிறவனை ஆட்கள் தேடுவது அது படுத்த பிறகுதான். இதில் மாட்டுப்பட்டவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் இரத்தப் பரிசோதனை நிலையத்தின் சேர்வர் என் பொறுப்பு. முடிவுகளை அச்சடித்துக் கொடுக்கும் புரோகிராமை எழுதியவள், எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தர்சினி.

காலை நெரிசல்

சனம் சேர்ந்ததும் அவளுடைய புரோகிராம் விழுந்துவிடும். வட்டுக்கோட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர்கள் முடிவு கிடைக்காமல் வாங்கில் இருப்பார்கள். மெமரிக்குத் தட்டுப்பாடு வந்தால், கணினியை உள்ளிருந்து நடத்தும் கேர்னல், அதிகம் எடுத்திருக்கிற புரோகிராமைப் பார்த்துக் கொன்றுவிடும். ஒவ்வொரு முறையும் செத்தது தர்சினியுடையதுதான். கிழமை முடிவதற்குள் அதைத் தூக்கிவிட்டுக் கொழும்பிலிருந்து வேறு எடுப்பதென்று பரிசோதனை நிலைய மனேச்சர் முடிவுகட்டிவிட்டார். எனக்குத்தான் எரிச்சலாக இருந்தது, அவர் அமைதியாகவே சொன்னார்.

"தம்பி, பிள்ளை நல்ல பிள்ளை. ஆனால் அவவின்ரை புரோகிராம் சரியான சாப்பாட்டு ராமன்."

கூட்டிப் பார்த்தால்

தர்சினி அழவுமில்லை, வாதாடவுமில்லை. சேர்வரில் ஓடுகிற எல்லாப் புரோகிராம்களும் எடுத்த மெமரியைக் கூட்டினாள். மொத்தத்தில் பாதிகூட வரவில்லை. சேர்வரோ நிரம்பிவிட்டேன் என்கிறது.

"அண்ணா, எல்லாரும் கொஞ்சம்தான் சாப்பிட்டம் எண்டு சொல்லுகினம். அப்ப பானை ஏன் வெறுமையாக் கிடக்கு?"

ஒதுக்கி வைத்தது

கேர்னல் மெமரியைப் பக்கம் என்கிற சிறு துண்டுகளாகத்தான் பங்கிடும். பெரிய வேலைகளுக்கென்று பெரிய பக்கங்களை முன்கூட்டியே ஒதுக்கியும் வைக்கலாம். அவற்றை வேறு எவரும் தொட முடியாது. எந்தப் புரோகிராமின் பேரிலும் அவை விழாது. மொத்தத்தில் மட்டும் செலவாகி நிற்கும். நாங்கள் மனேச்சருக்கு வழக்கமாக அனுப்பும் மெமரி அறிக்கையில் அதற்கு இடமே இல்லை. தனியாக ஒரு வரி சேர்த்து எடுத்துப் பார்த்தேன். மெமரியில் பாதிக்கு மேல் பெரிய பக்கங்களாக ஒதுக்கிக் கிடந்தது. அதில் ஒரு பக்கத்தையாவது யாரும் பாவிக்கவில்லை.

சேர்வரை முதலில் பூட்டி அமைத்துத் தந்த அச்சுவேலிக்கார அண்ணையைத் தொலைபேசியில் பிடித்தேன். மனிதர் கொஞ்சமும் அசரவில்லை.

"ஓம், நான்தான் செய்தனான். பிற்காலத்துக்கு உதவும், கனக்க ஒதுக்கி விடுங்கோ எண்டு மனேச்சர்தான் சொன்னவர்."

மனேச்சரின் அறை

புதிய அறிக்கையை அவர் கண்ணாடியைக் கழற்றியும் போட்டும் பார்த்தார். தர்சினி கதவடியில் நின்றாள். "அப்ப பிள்ளையிலை பிழை இல்லை," என்றார். கொழும்பு யோசனையையும் கைவிட்டார். ஆனால் ஒதுக்கியதை விடுவிக்க மட்டும் மனம் வரவில்லை. நாளைக்குப் பெரிய புரோகிராம் ஏதும் வந்தால் என்ன செய்வதாம். மனேச்சருக்கு முன்னால் அவ்வளவு நாளும் வாயே திறக்காத பிள்ளை அப்போதுதான் பேசினாள்.

"வாறது வரேக்கை பாப்பம், சேர். நான் இப்ப இஞ்சை நிக்கிறன், எனக்குத் தாங்கோ."

தந்தார்தான், என்றாலும் வராத விருந்தாளிக்குக் கதிரை போட்டுவைத்துவிட்டு வேலை செய்கிறவரை வெளியே அனுப்புவதில் கேர்னலுக்கும் மனேச்சருக்கும் ஒரே புத்தி.