இருமச் சொன்ன டாக்டர்

போன வியாழக்கிழமை பகலில், சங்கு குளிக்கும் சூசை, மருத்துவமனை வாசலில் என்னைத் தேடி வந்து நின்றார். "சிஸ்டர், நம்ம டாக்டரம்மா தவறிட்டாவ" என்றார். மயக்க மருத்துவர் பிலோமினாவோடு ஆறு ஆண்டுகள் வேலை பார்த்த நர்ஸ் நான். அவரை அறிந்த உங்களிடம் இதைச் சொல்லியாக வேண்டும்.

புதுத் துறைமுக வேலை மும்முரமாக நடந்த காலம். முத்தையாபுரத்துத் தொழிலாளி ஒருவருக்கு வயிற்றில் பெரிய அறுவை நடந்தது. தையலில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வலிக்குப் பயந்து அவர் இருமவே இல்லை. நெஞ்சில் சளி கட்டி ஐந்தாம் நாள் இறந்துபோனார்.

"ஆப்பரேஷன்னா வலிக்கத்தானம்மா செய்யும்" என்றார் தலைமை சர்ஜன்.

"அந்த வலிதான் சார் அவரைக் கொன்னுருக்கு. நான் இதை விடமாட்டேன்" என்றார் டாக்டர் பிலோமினா.

அதன்பின் பெரிய அறுவை முடிந்தவர்களில், சம்மதித்த சிலருக்கு விலா எலும்புகளுக்கிடையே மரத்துப்போகச் செய்யும் ஊசி போட்டார். சிலருக்கு முதுகில் மெல்லிய குழாய் வைத்து, அதன்வழியே அதே மருந்தைச் செலுத்தினார். எது மேல் என்று பார்த்துவிடுவதில் உறுதியாக இருந்தார். "வலிக்கான்னு கேட்டா இல்லன்னுதான் சொல்லுவாவ. இருமச் சொல்லிப் பாருங்க" என்பார் எங்களிடம். குழாய் வைத்தவர்கள் நன்றாக இருமினார்கள். டாக்டரின் மனமும் குழாயின் பக்கமே சாய்ந்தது.

சூசைக்குக் குடல்புண் அறுவை. குழாயில் மருந்து போன சிறிது நேரத்தில் அவருக்கு முகம் வெளுத்து வேர்த்துக் கொட்டியது. ரத்த அழுத்தம் மளமளவென்று இறங்கியது. நான் ஓடிப்போய்ச் சொல்ல, டாக்டர் செருப்புகூடப் போடாமல் வந்தார். காலைத் தூக்கி வைத்து, சலைனை வேகமாக ஏற்றி, "ஏலே சூசை, கண்ண மூடாத, என்னயப் பாரு" என்று கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார். அரைமணி நேரத்தில் சூசை தேறினார்.

"இத்தோட நிறுத்திருங்க" என்றார் சர்ஜன்.

"நிறுத்தமாட்டேன் சார். மாத்திக்கிடுதேன்."

மறுநாள் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டார். "தப்பு என்னுது. குழாய்தான் மேலுன்னு ஆசைப்பட்டு இருமலை மட்டும் பார்த்தேன், பிரஷரைப் பார்க்கல. பக்கத்துல ஆள் இருந்தா குழாய், ஆள் இல்லாத வார்டுல விலா ஊசிதான்" என்றார். குழாய் வைத்தவர்களை எப்படிக் கவனிப்பது என்று ஒவ்வொருவருக்கும் தானே கற்றுக்கொடுத்தார். அடுத்த ஆண்டு, கத்தியை எடுக்கும் முன் சர்ஜனே கேட்டார்: "டாக்டர், இவருக்கு விலாவா, முதுகா?"

இன்று ஒரு வார்டு என் பொறுப்பில் இருக்கிறது. அறுவை முடிந்து முனகாமல், ஒன்றும் கேட்காமல் அசையாமல் படுத்திருப்பவரை எல்லோரும் நல்ல நோயாளி என்கிறார்கள். நான் முதலில் அவர் கட்டிலுக்குத்தான் போய், இருமச் சொல்லிப் பார்க்கிறேன். டாக்டர் பிலோமினாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான்.