விளங்காத ஒரு வரி

தொண்ணூறுகளில் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு சிறிய நிறுவனத்தில் எனக்கு வேலை, மற்றவர்கள் எழுதியதில் குற்றம் கண்டுபிடிப்பது. அதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள். தொழிற்சாலை இயந்திரங்களுக்கான இயங்குதளம் ஒன்றை நாங்களே எழுதிக்கொண்டிருந்தோம். அதன் அடிப்பகுதியான கெர்னலில் யார் எதை மாற்றினாலும் அச்சடித்த தாள் என் மேசைக்கு வரும். சேர்த்த வரிக்கு முன்னால் கூட்டல் குறி, நீக்கிய வரிக்கு முன்னால் கழித்தல் குறி. சிவப்புப் பேனாவோடு உட்காருவேன். நன்றாக இருக்கும் இடத்தைப் பற்றி வாய் திறக்க மாட்டேன். சரியாக இருப்பதில் பேச என்ன இருக்கிறது?

அந்த வருடம் எங்களைப் பாடாய்ப் படுத்தியது டிரேசர். கெர்னலுக்குள் எந்த ஃபங்ஷன், அதாவது எந்த நிரல் துண்டு, எப்போது ஓடுகிறது என்று வேவு பார்த்துக் குறித்துவைக்கும் பகுதி அது. அதை முடுக்கினால் இயந்திரம் அப்படியே உறைந்துவிடும். ஏன் என்று யாருக்கும் பிடிபடவில்லை.

கண்டுபிடித்தவர் கேரி தீவுத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்திலிருந்து வந்த இளைஞர். சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன, வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. டிரேசர் ஒவ்வொரு முறையும் நேரத்தைக் குறிக்கக் கடிகார ஃபங்ஷனைக் கூப்பிடும். அந்தக் கடிகாரமும் வேவு பார்க்கப்படும் ஃபங்ஷன்களில் ஒன்று. ஆகவே கடிகாரம் ஓடியதைக் குறிக்க மறுபடி கடிகாரம், அதைக் குறிக்க இன்னொரு முறை கடிகாரம். முடிவே கிடையாது. அவர் கடிகாரத்தை மட்டும் வேவிலிருந்து விலக்கி ஒரே ஒரு வரி சேர்த்திருந்தார். பார்த்ததும் எனக்குப் பொறாமையே வந்தது. ஆனால் ஏன் விலக்கினார் என்று ஒரு குறிப்பும் இல்லை. நாளைக்கு வேறொருவர் வந்து, இது எதற்கு இங்கே என்று அழித்துவிடுவார்.

வரியின் கீழே கோடு போட்டுத் தாளை நீட்டினேன்.

“இது விளங்காது, தம்பி.”

அவர் முகம் சுண்டிப்போனது. “சரிக்கா” என்று வாங்கிக்கொண்டு போனார். குறிப்பு எழுதிக் கொண்டுவருவார் என்று இருந்தேன். மறுநாள் மாற்றத்தையே திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்த வாரமே ராஜினாமாவும் கொடுத்துவிட்டார். அந்த வரியைப் பிறகு நான்தான் சேர்த்தேன், குறிப்போடு.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவரை நிரந்தரமாக்கும்படி முதலாளியிடம் பேசியதே நான்தான். ஒரு குறிப்பு எழுதச் சொன்னதற்கா இத்தனை ரோஷம்? கீழே தேநீர்க் கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தவரைப் பிடித்தேன்.

“என்ன தம்பி இது? ஒரு சொல்லுச் சொன்னா வேலையை விட்டிட்டுப் போறதோ?”

“நீங்கதானக்கா வெளங்காதுன்னு சொன்னீங்க. எஸ்டேட்ல கிராணி எங்கள பாத்துச் சொல்றதும் அதான். நீங்கள்லாம் வெளங்கவே மாட்டீங்கடான்னு.”

எனக்குப் பிடிபடச் சற்று நேரமானது. பிரிக்ஃபீல்ட்ஸில் யாழ்ப்பாண வழிவந்த எங்கள் வீட்டில் ‘விளங்குதோ?’ என்றால் புரிகிறதா என்று அர்த்தம். கணக்குச் சொல்லிக்கொடுத்தாலும் கேட்போம், கடைக்கு வழி சொன்னாலும் கேட்போம். அவர் வீட்டில் விளங்காது என்றால் உருப்படாது என்று அர்த்தம். அது சாபம். தோட்ட அலுவலகத்தில் குமாஸ்தாவாக உட்கார்ந்து கூலிக்காரர்களை விரட்டிய கிராணிகளில் எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களும் இருந்தார்கள். அது எனக்குத் தெரியாததல்ல.

பதறிப்போனேன். அந்த வரிதான் படிப்பவருக்குப் புரியாது என்றேன், உங்களைச் சொல்லவில்லை என்றேன். இவ்வளவு நல்ல வேலையை அங்கே வேறு யாரும் செய்ததில்லை என்றும் சொன்னேன். அதை அவரிடம் அப்போதுதான் முதன்முதலாகச் சொல்கிறேன் என்பது சொல்லும்போதே உறைத்தது. ராஜினாமாவைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்படி கெஞ்சாத குறைதான். ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் சேர ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டாராம்.

அவர் என்மேல் கோபப்படவில்லை. அது எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. கிளாஸைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார்.

“வார்த்தைய நான் தப்பா எடுத்துக்கிட்டேன், சரிக்கா. ஆனா நீங்க அப்படிச் சொல்லியிருக்க மாட்டீங்கன்னு எனக்கு ஒரு நிமிசங்கூடத் தோணல லா.”