ஈரச் சாக்குக்குள் புகையிலை

மகள் பாயசத்துக்கு வெல்லம் கரைத்தாள். அந்த வாசனை பொறுக்காமல் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். எனக்கு அது புகையிலை வாசனை.

நன்னிலம் பக்கம் ஒரு மிராசுதாரின் நிலத்தைக் குத்தகைக்கு உழுத அப்பாதான் அவருக்குச் சுருட்டும் சுற்றிக் கொடுப்பார்: மாட்டுக்கொட்டகை மூலையில் காய்ந்த இலையை விரித்து, வெல்லத் தண்ணீரை விரல் நுனியால் தெளித்து, ஈரச் சாக்கில் சுற்றி வைக்கோலுக்கடியில் புதைத்து, அது மெத்தென்று வளையும்வரை தினமும் பிரித்துத் திருப்பி வைப்பார். ஒருநாள் விட்டாலும் பூசணம் பிடித்துவிடும். பதம் சரியாக இருந்தால் சுருட்டின் சாம்பல் உதிராமல் நிற்கும் என்பார்.

குத்தகைதாரராகத் தன் பெயரைப் பதியச் சொல்லித் தாலுகா ஆபீசில் அப்பா மனு கொடுத்தார். நாங்கள் குடியிருந்த அவருடைய மனையைக் காலி செய்யச் சொல்லி மிராசுதார் ஆள் அனுப்பினார். அப்போதும் அவருக்கான ஒரு கட்டு இலை சாக்குக்குள் இருந்தது.

"அப்படியே விடுங்க, பூத்துப் போவட்டும்" என்றாள் அம்மா.

"இலை என்னடி பண்ணுச்சு" என்ற அப்பா போய்த் திருப்பி வைத்தார். பதமானதும் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டும் வந்தார். எனக்கு இன்றும் ஆறவில்லை.

ஆட்கள் எங்கள் கூரையைப் பிரித்தபோது மிராசுதார் வேலியோரம் நின்று புகைத்துக்கொண்டிருந்தார். கூரை சரிந்த பக்கம் அப்பா திரும்பவே இல்லை. சுருட்டின் நுனியில் சாம்பல் உதிராமல் நீண்டுகொண்டே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.