இரண்டு சில்லு மூடிகள்

நோர்வேயை விட்டு லண்டனுக்கு வந்த நாளிலிருந்து அண்ணையும் நானும் கதைப்பதில்லை. பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று நான் புறப்பட்டேன். தன்னைத் தனியே விட்டுவிட்டு ஓடினேன் என்று அவர் எடுத்துக்கொண்டார். ஓடினேன்தான், அதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கள் ஆட்கள் கதைப்பதை விட்டாலும் காரியத்தை விடுவதில்லை. நல்லது கெட்டது எல்லாவற்றையும் அண்ணையின் மனைவியான மச்சாளும் என் மனைவியும் போனில் பேசி முடித்துவிடுவார்கள். நாங்கள் இருவரும் அந்தந்தப் பக்கத்தில் நின்று காதைக் கொடுத்துக்கொண்டு, கேட்காதது மாதிரி முகத்தை வைத்திருப்போம். இப்படியே நாலு வருடம்.

2009 பிறந்த கையோடு மச்சாள் போன் எடுத்தார். அண்ணை மீன் பிடிக்க ஒரு சின்ன வீடு கட்டியிருந்தாராம், வண்டிபோல இரண்டு பக்கமும் சில்லுப் பூட்டிய வீடு. அதை உறைந்த ஏரிக்கு மேலே இழுத்துப் போய்ச் சில்லுகளைத் தூக்கிவிட்டால், வீடு பனிக்கட்டியில் குந்திவிடும். தரையில் ஓட்டை, அதற்குள்ளால் தூண்டில். ஒரே கரைச்சல், தூக்கிய சில்லுகள் வந்து நிற்கும் இரண்டு குழிகளாலும் குளிர்காற்று உள்ளே அடித்தது.

"தம்பி, அதுகளுக்கு ரெண்டு மூடி செய்து அனுப்ப ஏலுமோ?" என்று கேட்டார்.

லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் வேன்களுக்கு உள்ளே பலகை அடிப்பதுதான் என் வேலை. சில்லுக்கு மேலே பெட்டி அடிப்பது எனக்குப் பழகின காரியம். "ஓம் மச்சாள், செய்து அனுப்பிறன்" என்றேன். அண்ணைக்கு என்னிடம் ஒரு தேவை வந்ததில் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

அடுத்த கிழமை தபாலில் அளவு வந்தது. மட்டையில் வெட்டிய இரண்டு அச்சுகள், நீள அகலம் பென்சிலில். கூட ஒரு வரி கடிதம் இல்லை. ஒவ்வொரு மட்டையின் கீழ் ஓரத்திலும் மூன்று சின்ன வட்டங்கள் கீறப்பட்டிருந்தன.

"இதென்ன வட்டம்? உங்கட அண்ணையிட்டை ஒருக்கா கேளுங்கோவன்" என்றாள் மனைவி.

"எனக்குத் தெரியும்" என்றேன்.

எனக்குத் தெரிந்தது இதுதான். நோர்வேயில் இருவரும் ஒரே பட்டறையில் வேலை செய்த காலத்தில், "உன்ர வேலையில எங்கையாவது ஒரு ஓட்டை இருக்கும்" என்று எல்லாருக்கும் முன்னால் சொல்லிச் சிரிப்பார். அந்தப் பகிடியைத்தான் இப்போது கீறி அனுப்பியிருக்கிறார் என்று நினைத்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓட்டையா, காட்டுகிறேன் பார் என்று பலகையை வெட்டி, உள்ளே தடித்த நுரைத்தட்டு வைத்து, விளிம்பு முழுவதும் ரப்பர் பட்டி ஒட்டினேன். வட்டங்களைத் தொடவேயில்லை. அதைப்போல ஒரு வேலை அதற்கு முன் நான் செய்ததில்லை.

மூடிகள் போய்ச் சேர்ந்து சில நாளில், ஒரு சனிக்கிழமை காலை, எங்கள் வாடகை வீட்டைச் சூடாக்கும் காஸ் பொய்லரைப் பார்க்க ஒரு வெள்ளைக்காரர் வந்தார். சமைக்கிற குசினிச் சுவரில் காற்று வர ஒரு கம்பிச் சதுரம் இருந்தது. குளிருக்குப் பயந்து அதை நான் டேப் போட்டு அடைத்திருந்தேன். எனக்குத் தெரிந்த தமிழ் வீடுகள் பாதியில் அப்படித்தான். அவர் டேப்பை ஒரே இழுவையாக உரித்தார். நெருப்பு காற்றைத் தின்னும், காற்று இல்லாவிட்டால் விஷத்தைக் கக்கும், நீங்கள் படுத்தால் எழும்பமாட்டீர்கள் என்று ஏசினார்.

அண்ணை கீறிய வட்டங்கள் காற்றுக்குத்தான். அந்த மீன்பிடி வீட்டுக்கு வேறு என்ன துவாரம் இருந்தது? நானே மச்சாளுக்குப் போன் எடுத்தேன். நாங்கள் விட்டு வந்த நாட்டில் சண்டை உக்கிரமாக நடந்த மாதங்கள் அவை, போன் அடித்தாலே சாவுச் செய்தியோ என்று எல்லாரும் நினைப்பார்கள். அவர் பயந்துபோய்த்தான் எடுத்தார்.

"விடிய வெள்ளன ஏரிக்குப் போயிட்டார், தம்பி. மூடி பூட்டினதுக்கு இண்டைக்குத்தான் முதல் தரம்."

"ஹீட்டர் வச்சிருக்கிறாரோ?"

"ஓம், மண்ணெண்ணெய் ஹீட்டர். ஏன்?"

நம்பரை வாங்கி அண்ணைக்கு அடித்தேன். எடுக்கவில்லை. என் நம்பரைக் கண்டு எடுக்காமல் இருக்கிறாரா, எடுக்க ஏலாமல் கிடக்கிறாரா? கடவுளே, கோபத்தில் எடுக்காமல் இருக்கட்டும் என்று மன்றாடினேன். நாலாம் தரம் எடுத்தார். நாக்குத் தடித்த குரல்.

"அண்ணை, நான். ஹீட்டரை நிப்பாட்டுங்கோ. கதவைத் திறவுங்கோ. கெதியா!"

"தலை இடிக்குது" என்றார், தனக்குத் தானே சொல்வதுபோல். ஏதோ விழுந்து உருண்டது. பிறகு கதவு திறபட்டு, போனுக்குள் காற்று இரைந்தது. அவர் இருமி இருமி மூச்சு வாங்குவதைக் கேட்டுக்கொண்டு குசினித் தரையில் குந்தியிருந்தேன்.

மூச்சுத் திரும்பியதும் கேட்டார்:

"நான் கீறின வட்டங்களை நீ காணேல்லையோ?"

காணேல்லை என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"கண்டனான் அண்ணை. நக்கலுக்குக் கீறினீங்கள் எண்டு நினைச்சிட்டன்."

காற்று இரைந்துகொண்டேயிருந்தது.

"மூடியளைப் பூட்டேக்கை பாத்தனான், ஓட்டையைக் காணேல்லை" என்றார். "நீ வேலை தெரிஞ்சவன், காத்துக்கு வேற வழி விட்டிருப்பாய் எண்டுதான் பூட்டினன்."

போனை வைத்துவிட்டார்.